கொள்ளையிலே போறவனே!

கோபம் வந்துவிட்டால் கிராமத்துப் பாட்டிமார் வசவுகளை அள்ளி வீசுவார்கள். "கொள்ளையிலே போறவனே!" என்பது அவற்றில் ஒன்று. பேரையூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரைச் சீமையில் இது பழகிய வசவு.

இதில் வரும் கொள்ளை எது? திருட்டா? இல்லை, நோய்!

'கொள்' என்ற சொல்லில் இருந்து பிறந்தது 'கொள்ளை'. வீடு புகுந்து பொருளை அள்ளிப் போவது கொள்ளை. "கொள்ளை அழகு" என்றால் மிகுந்த அழகு. ஊர் புகுந்து உயிர்களை அள்ளிப் போவது கொள்ளை நோய்.

என்ன வித்தியாசம்?

ஒருவரிடம் இருந்து மற்றவருக்குப் பரவுவது தொற்று நோய். அதுவே ஒரே சமயத்தில், வழக்கத்துக்கு மேல் ஏராளமானவர்களைத் தாக்கினால் கொள்ளை நோய். நாடு விட்டு நாடு தாவி உலகத்தையே வளைத்துக் கொண்டால் பெருந்தொற்று. 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது இந்தச் சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அந்த நோய்க்குத் தமிழ்நாட்டில் முதல் உயிர் பலியானது மதுரையில்தான். அது 2020 மார்ச் 25-ந் தேதி.

தாது வருஷத்தில்...

வசவாக மாறும் அளவுக்கு மக்களை நடுங்க வைத்தது காலரா. கிராமத்தில் அதற்குப் பெயர் 'கக்கல் கழிச்சல்'. நோய் கண்ட சில மணி நேரத்திலேயே உயிர் போவதும் உண்டு. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். பட்டினியோடு காலராவும் சேர்ந்தது. 1877-ல் சென்னை மாகாணத்தில் காலராவுக்கு இரையானவர்கள் லட்சக்கணக்கில்!

"சாமி குற்றம்" என்று ஜனங்கள் பயந்தார்கள். ஆனால் குற்றவாளி ஒரு கிருமி. ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் அதைக் கண்டுபிடித்துக் காட்டினார். அசுத்தமான தண்ணீர் வழியாகத்தான் அது வயிற்றுக்குள் நுழைகிறது.

விரட்ட முடியுமா?

முடியும்! பெரியம்மையும் ஒரு கொள்ளை நோய்தான். அம்மை குத்தியே அதை விரட்டினார்கள். இந்தியாவில் 1975-ல் அது நின்றது. உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-ல் அறிவிக்கப்பட்டது.

பேதி கண்டால் பதற வேண்டாம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

கொள்ளைக்காரன் திறந்த கதவைத் தேடி வருவான். நோயும் அப்படித்தான். சுத்தமான தண்ணீர், கழுவிய கை, தடுப்பூசி மூன்றும் இருந்தால் கதவு மூடிவிடும்.

பாட்டியின் வசவு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்!