சாமுண்டி மலைப் படிகளும் ஒரு வலி மாத்திரையும்

ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில் மைசூரு விடிவதற்கு முன்பே எழுந்துவிடும். நம் ஆனிக் கடைசியை ஒட்டி வரும் அந்த வெள்ளிகளில் சாமுண்டி மலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு பக்கம். 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்த ஆயிரம் படிகளையும் நடந்தே ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம். அவர்களில் பல பெண்கள் வேண்டுதலாக ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே போவார்கள். ஆயிரம் முறை குனிந்து, ஆயிரம் முறை நிமிர்ந்து, அதுவும் வெறும் வயிற்றில்.

முக்கால் தூரத்தில் பெரிய நந்தி இருக்கிறது. எல்லோரும் மூச்சு வாங்க உட்காரும் இடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அறுபது வயது நெருங்கியிருக்கும். மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பூஜைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

“என்னக்கா, முட்டி வலிக்குதா?”

“இப்ப இல்ல கண்ணு. வீட்டுக்குப் போனா வலிக்கும். அதான் முன்னாடியே ஒண்ணு போட்டுக்கறேன். மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க. நாலஞ்சு வருஷமா இதான்.”

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. காலையில் வேறு ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்று கேட்டதற்கு, “பிபி மாத்திரை. அது ஒருநாளும் தவறாது” என்றார் பெருமையாக. அந்த அட்டையும் பையில் இருந்தது. டெல்மிசார்டன், கூடவே நீரைப் பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு.

இந்த இரண்டு அட்டைகளையும் அந்த வெறும் வயிற்றையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் ஊறிக்கொண்டே இருக்கின்றன. மூட்டில் அடிபட்டால் அங்கே வீக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடுபவை அவை. ஆஸ்பிரின் இவற்றின் உற்பத்தியை நிறுத்தித்தான் வலியைக் குறைக்கிறது என்று 1971-இல் லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் எல்லாமே இந்த வேலையைத்தான் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் இதே புரோஸ்டாகிளாண்டின் குடும்பம்தான். உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்து வைப்பதும் அதுதான். மூட்டில் அடைக்கும் மருந்து அங்கேயும் அடைக்கிறது.

“சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது” என்று வீடுதோறும் சொல்கிறோம். சாப்பாடு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம், புண்ணைத் தடுத்துவிடாது. மருந்து ரத்தத்தில் கலந்து போய்த்தான் அந்தக் காப்பைக் குறைக்கிறது. “மாத்திரை வயித்தைக் கெடுக்குது, ஊசி போடுங்க” என்று டாக்டரிடம் கேட்பதிலும் பலனில்லை. இடுப்பில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியும் அதே வழியில் இரைப்பைக்கு வந்து சேரும். முன்பு அல்சர் இருந்தவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரினோ ரத்தத்தை இளக்கும் மருந்தோ எடுப்பவர்கள் இவ்வகை மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்கவே முடியாவிட்டால், ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரை’ துணையோடு, டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது என்பதற்கு மைசூரு ரோட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பெங்களூரிலிருந்து வரும்போது ராமநகரத்தில் பாறைக் குன்றுகள் எழும்பி நிற்கும். ‘ஷோலே’ எடுத்த இடம் என்று கைகாட்டுவார்கள். அங்கே ராமதேவர பெட்டாவில் 2012-இல் பாறு கழுகுகளுக்காக ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். இந்தியாவில் வானத்தை நிறைத்திருந்த பாறுகளில் மூன்று இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்துபோயிருந்தன. காரணம் டைக்ளோஃபெனாக். நோவு கண்ட மாட்டுக்குப் போட்ட மருந்து, அது செத்தபின் தின்ற கழுகின் சிறுநீரகத்தை முடக்கியது. செத்த பறவைகளின் உறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. 2004-இல் ஆய்வாளர்கள் இதை உறுதி செய்தார்கள். 2006-இல் இந்தியா கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015-இல் அவற்றை 3 மில்லி அளவுக்குச் சுருக்கினார்கள். 2023-இல் கால்நடைக்கான அசிக்ளோஃபெனாக்குக்கும் தடை வந்தது. மாட்டின் உடலில் அது டைக்ளோஃபெனாக்காக மாறிவிடுகிறது.

அக்காவின் கையில் இருந்ததும் அசிக்ளோஃபெனாக்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை. மனிதரின் சிறுநீரகம் கழுகினுடையதுபோல ஒரே வேளையில் விழுந்துவிடாது. உடம்பில் போதிய நீரும் நல்ல சிறுநீரகமும் உள்ளவருக்கு, நாலைந்து நாள் இந்த மாத்திரை பெரும்பாலும் கேடு செய்வதில்லை. ஆனால் டெல்மிசார்டன், நீர் பிரிக்கும் மருந்து, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்வதைச் சிறுநீரக மருத்துவர்கள் தனியாகவே எச்சரிக்கிறார்கள். ஒன்று நீரைக் குறைக்கிறது. மற்ற இரண்டும் சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும் இரு வழிகளையும் அடைத்துவிடுகின்றன. வாந்தி, பேதி, வெயில், விரதம் ஏதாவது ஒன்று கூடச் சேர்ந்தால் போதும். படியேறி வேர்த்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவருக்கு அன்று எல்லாமே கூடியிருந்தன.

இதயத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றைக் காக்கவென்றே வந்த ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து, 2004 செப்டம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே உலகெங்கும் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவும் தடை செய்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எட்டோரிகாக்சிப் இங்கே தாராளமாக விற்கிறது. அமெரிக்கா அதற்கு அனுமதி தரவே இல்லை. ஐரோப்பாவில், ரத்த அழுத்தம் 140/90-க்கு மேலேயே நிற்பவருக்கு அதைத் தரக்கூடாது என்பது விதி. டைக்ளோஃபெனாக்கும் மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆகாது. ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் யாரும் ‘வலிக்கு ஏதாவது’ என்று கவுன்டரில் கேட்டு வாங்கவே வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் போடுவது? ஒருவருக்குப் பொருந்துவது அடுத்தவருக்குப் பொருந்தாது என்பதால் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு வரிசை சொல்லலாம்.

முழங்கால் தேய்மானம், விரல் மூட்டு வலி என்றால் முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலும் முழங்காலுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறது. தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் ஒரு சிறு பங்குதான். நம்மவர்கள் பட்டாணி அளவு தடவிவிட்டு ‘கேட்கவே இல்லை’ என்பார்கள். 1 சதவீத ஜெல் முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம் என்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. 30 கிராம் டியூப் ஏழெட்டு வேளைக்குத்தான் வரும். அந்தக் கணக்கில் தடவினால்தான் பலன் தெரியும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் ஜெல்லுக்கும் டாக்டரைக் கேட்கவேண்டும். தைலத்தில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு. வார்ஃபரின் எடுப்பவர்கள் அதை அள்ளிப் பூசக்கூடாது.

மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால். மூட்டுத் தேய்மானத்துக்கு அது பெரிதாகக் கேட்காது என்பது உண்மைதான். ஆனாலும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அதனிடம் ஆபத்து குறைவு. அதன் ஆபத்து கல்லீரலில், அதுவும் அளவு மீறும்போது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் எல்லை. வயதானவர், மெலிந்தவர், குடிப்பவர், கல்லீரல் கெட்டவருக்கு அதைவிடக் குறைவு. நம் ஊரில் மாத்திரையின் பெயர் ஒன்றாகவும் சரக்கு இன்னொன்றாகவும் இருப்பதால் கணக்கு தப்புகிறது. காய்ச்சலுக்கு டோலோ 650, மூட்டுக்கு ஜீரோடால்-பி, தலைவலிக்குக் காம்பிஃப்ளாம் என்று மூன்றையும் ஒரே நாளில் போட்டவர், பாராசிட்டமாலை மூன்று பெயரில் விழுங்குகிறார். கடைசி இரண்டிலும் சேர்த்து இரண்டு விதமான அழற்சி எதிர்ப்பு மருந்துகளும் உள்ளே போகின்றன. அவை ஒன்றாகச் சேரவே கூடாதவை. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். இப்படிச் சேர்த்து அடைத்த கூட்டு மருந்துகளில் 156-ஐ 2024 ஆகஸ்டில் அரசு தடை செய்தது. அசிக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 சேர்ந்த மாத்திரையும் அவற்றில் ஒன்று.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ‘செட் மாத்திரை’யைப் பார்க்கும்போது. பெயரே இல்லாத சிறு உறையில் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, குட்டியாக ஒன்று. பல நேரம் அந்தக் குட்டி ஒரு ஸ்டீராய்டு. அதனால்தான் இரண்டே நாளில் எழுந்து நடக்கிறார்கள். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு இளைத்துவிடும். திடீரென்று நிறுத்தவும் முடியாது. மூட்டு வலிக்கென்று லேபிள் இல்லாமல் வரும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. உறைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதித் தராதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

மூட்டு வலி காய்ச்சலோடு வந்தால் கணக்கே வேறு. 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலம் கர்நாடகம்தான். கை மடக்க முடியாமல், சுவரைப் பிடித்து நடந்த ஊர்கள் எத்தனையோ. அதே கொசுதான் டெங்குவையும் கொண்டு வருகிறது. 2024 செப்டம்பரில் கர்நாடகம் டெங்குவைக் கொள்ளை நோயாக அறிவித்தது. ஆரம்ப நாட்களில் காய்ச்சலும் மூட்டு வலியும் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கும். டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

படியேறிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது வேறு. பழகாத தசையின் வலி அது. இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், நாலைந்து நாளில் தானே போய்விடும். வெந்நீர் ஒத்தடம், மெல்ல நடப்பது, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு பாராசிட்டமால். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தாலோ, ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்து, காய்ச்சலும் அடித்தாலோ, மாத்திரையால் மூடி வைக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மருந்தாளுநர்களை நோயாளியின் படுக்கைக்கே அனுப்பி, என்னென்ன மாத்திரை எதனோடு மோதுகிறது என்று பார்க்க வைக்கும் படிப்பை 1990-களின் பிற்பகுதியில் இந்தியாவில் முதலில் தொடங்கியவற்றில் மைசூரு ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியும் ஒன்று. மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் மையங்களில் ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது. அத்திட்டம்தான் மாதவிடாய் வலிக்கும் மூட்டு வலிக்கும் போடும் மெஃபனமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023 நவம்பரில் எச்சரித்தது. மாத்திரை போட்டபின் தடிப்பு, கால் வீக்கம், சிறுநீர் குறைவு என்று எது வந்தாலும் டாக்டர் மட்டுமில்லாமல் நோயாளியே அங்கே சொல்லலாம். 1800-180-3024 என்ற எண்ணுக்குக் காசில்லை.

அக்கா அன்று அந்த மாத்திரையைப் போடவில்லை. என் பாட்டிலிலிருந்து பாதித் தண்ணீரைக் குடித்தார். அடுத்த முறை பிபி பார்க்கப் போகும்போது இரண்டு அட்டையையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னார். கூடவே சிறுநீரகத்தைப் பார்க்க ஒரு கிரியேட்டினின் பரிசோதனையும் கேளுங்கள் என்றேன். “அந்தப் பேரு எனக்கு வாயில நுழையாது கண்ணு, எழுதிக் குடு” என்றார். குங்குமம் மடித்திருந்த காகிதத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்னும் படிகள் மிச்சம் இருந்தன. அவர் குனிந்து அடுத்த படிக்குப் பொட்டு வைத்தார்.