8, 40, 44

ஒரு சாலையில் பாலம் உடைந்தால் பேருந்து வேறு சாலையில் சுற்றிப் போகிறது. கணிப்பொறி வலையமைப்பிலும் அவ்வாறே, ஓர் இணைப்பு அறுந்தால் செய்தி மாற்றுவழியில் செல்ல வேண்டும். ஆனால், எந்த வழி அடைபட்டது என்பதை எல்லா நிலையங்களுக்கும் யார் சொல்வது?

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் ஒவ்வொரு நிலையமும் தன் இணைப்புகளின் நிலையை அறிவிப்பாக அனுப்பும். பெற்றவை அதனைத் தம் அண்டை நிலையங்களுக்கு அனுப்பும். எது புதியது என அறிய, 0 முதல் 63 வரை வரிசை எண் உண்டு. 63-க்குப் பின் மீண்டும் 0. ஆகவே, கடிகார முகத்தைப் போன்ற இவ்வட்டத்தில் 32 படிகளுக்குள் முன்னே நிற்பதே புதியது எனக் கொண்டனர்.

1980 அக்டோபர் 27 அன்று ஒரு நிலையத்தின் கருவிக் கோளாறால் சில இலக்கங்கள் உதிர்ந்தன. என்ன நடந்தது என்பது இருமை எண்ணில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. 44 என்பது 101100. அதில் ஒரு 1 உதிர்ந்தால் 101000, அதாவது 40. மேலும் ஒன்று உதிர்ந்தால் 001000, அதாவது 8. ஒரே நிலையத்தின் பெயரில் மூன்று அறிவிப்புகள்! 8-ஐ விட 40 புதியது. 40-ஐ விட 44 புதியது. 44-இலிருந்து 28 படிகள் சுற்றினால் 8 வருவதால், 44-ஐ விட 8 புதியது! ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு மூன்றும் ஓயாமல் சுற்றின. வழியறிவிப்பே நிலையங்களின் தலையாய பணியாதலால் பிற பணிகளுக்கு நேரமே இல்லை. பழுதிலிருந்து காக்க வந்த ஏற்பாடே வலையமைப்பு முழுவதையும் பல மணி நேரம் முடக்கிவிட்டது.

ஒரு நிலையத்தை நிறுத்தித் தொடங்கினாலும் அண்டை நிலையங்கள் அதே அறிவிப்புகளைத் திரும்பக் கொட்டின. இறுதியில், அந்நிலையத்தின் அறிவிப்புகளைப் புறக்கணிக்கும் திருத்தத்தை நிலையம் நிலையமாகப் புகுத்தியே மீட்டனர்.

கம்பியில் செல்லும்போது பிழை காணும் சோதனை இருந்தது. நினைவகத்தில் கிடக்கும்போது இல்லை. அறிவிப்புக்கு ஆயுளும் குறித்திருந்தனர். ஆனால் எங்கும் தங்காமல் ஓடியதால் அதற்கு வயது ஏறவே இல்லை! என் கருத்தில் இதுவே நுட்பமான குறை. 1983-இல் ராடியா பெர்ல்மன் இத்தகைய பிழைகளிலிருந்து தானே மீளும் முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். இன்று வழங்கும் ஓ.எஸ்.பி.எஃப். நெறியில் வரிசை எண் வட்டமாகச் சுற்றுவதில்லை. நிலையத்துக்கு நிலையம் தாவும்போதே வயது குறைந்தது ஒரு விநாடி கூடும். 3600 விநாடிகள் ஆனதும் அறிவிப்பு நீக்கப்படும்.