தமிழர்களின் 'சர்நேம்' ஏன் ஒரே தலைமுறையில் மாறிப்போகுது?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதி நடத்துபவர்களுக்கு 'சி ஃபார்ம்' நல்லாவே தெரியும். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் பதிவு செய்யணும். அதில் ஒரு கட்டம் 'சர்நேம்', அதாவது குடும்பப் பெயர். ஜெர்மனியிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வந்தவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். அதே கேள்வியை விடுதிக்காரரிடம் கேட்டுப் பாருங்க. "அப்பா பேரைச் சொல்லவா, இனிஷியலைச் சொல்லவா?" என்று திருப்பிக் கேட்பார்.

காரணம் எளிது. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. உதாரணத்துக்கு, அண்ணாமலையின் மகன் அ. குமார். பாஸ்போர்ட்டில் அவருடைய சர்நேம் 'அண்ணாமலை'. குமாரின் மகளுக்கு அதே கட்டத்தில் 'குமார்' வந்துவிடும். தாத்தா பெயர் அங்கேயே காலி!

பெயர்கள் எப்படிக் காணாமல் போகின்றன?

சர்நேம் உள்ள நாடுகளில் கதை வேறு. அங்கே பெயர்கள் மெல்ல மெல்லக் குறைகின்றன. 1870-களிலேயே இங்கிலாந்தில் கால்ட்டன், வாட்சன் என்ற இருவர் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். பெயர் ஆண் வாரிசு வழியாகத்தான் போகும் என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் சில வீடுகளில் மகன் இருக்க மாட்டான். அந்த வீட்டோடு பெயர் நின்றுபோகும். போன பெயர் திரும்ப வராது. அதனால் ஏற்கெனவே நிறைய பேர் வைத்திருக்கும் பெயர்தான் நீடித்து நிற்கும்.

இதை நன்றாகப் பார்க்கலாம் என்றால் தென்கொரியாவில் பார்க்கலாம். அங்கே கிம், லீ, பார்க் என்ற மூன்று பெயர்களிலேயே நூற்றுக்குச் சுமார் 45 பேர் அடங்கிவிடுகிறார்கள். ஜப்பானில் பொதுமக்கள் எல்லோருக்கும் சர்நேம் கட்டாயமானது 1875-ல்தான் என்பதால் இன்னும் ஏராளமான பெயர்கள் மிச்சம். ஆனால் அங்கே திருமணம் ஆனால் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே சர்நேம் என்பது சட்டம். இது இப்படியே போனால் 2531-ல் எல்லா ஜப்பானியர்களும் 'சாட்டோ' ஆகிவிடுவார்கள் என்று தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2024-ல் கணக்குச் சொன்னார். அப்படியே நடக்கும் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. சட்டத்தை மாற்றச் சொல்லிப் போட்ட கணக்குதான் அது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு வேலை செய்யாது. இங்கே ஒரு சர்நேம் எத்தனை பேருக்கு இருக்கு என்பதைத் தீர்மானிப்பது, முந்தைய தலைமுறையில் எந்தப் பெயரை ஆசையாக வைத்தார்கள் என்பதுதான். அருணாச்சலம், அண்ணாமலை என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது குறைந்தால், அடுத்த முப்பது வருஷத்தில் சர்நேம் கட்டத்திலும் அவை குறையும்.

விட்டது இங்கே, நின்றது அங்கே

குடும்பப் பெயர் போல வந்துகொண்டிருந்தது சாதிப் பட்டம்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, அதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெரியாரும் தன் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை எடுத்தார். இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுபவரைப் பார்ப்பது அபூர்வம். சாதி போய்விட்டதா என்பது வேறு கேள்வி.

ஆனால் 1860-லிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் பெயர்கள் அங்கேயே உறைந்துவிட்டன. டர்பனில் இன்றைக்கும் பிள்ளே, மூட்லி, படையாச்சி என்பவை சாதாரண சர்நேம்கள். மொரீஷியஸில் கொள்ளுத் தாத்தாவின் பெயரே சர்நேமாக நின்றுபோன குடும்பங்கள் உண்டு. மலேசியத் தமிழர்கள் அப்பா பெயரையே தொடர்கிறார்கள். நடுவில் 'மகன்', 'மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம் வரும்.

ஆசிரமத்துக்குப் பெயர் தந்தவரின் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். திருச்சுழி சுந்தரம் ஐயரின் மகன் வெங்கடராமன், 1896-ல் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எழுதி வைத்த கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. 1907-ல் காவ்யகண்ட கணபதி முனி சூட்டிய 'ரமண மகரிஷி' என்ற பெயர்தான் நிலைத்தது. அதில் அப்பா பெயரும் இல்லை, பட்டமும் இல்லை.

சிக்கல் எங்கே வருது?

விமான நிலையத்தில். சர்நேம் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட்டில் விசிட் விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் இருக்கிற ஒற்றைப் பெயர் சர்நேம் ஆகிவிடும்; சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு', அதாவது 'பெயர் தெரியவில்லை' என்று விழும்.

அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் மூன்று சர்நேம் இருப்பதும் வெளிநாட்டு அதிகாரிகளைக் குழப்பும். குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யும் அம்மாக்கள் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை எழுத்தாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுதணும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் அந்த விரிவு ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்க.