ஷிஃப்ட் சட்டையில வீட்டுக்கு வர்ற ஈயம்

(இருட்டறை. ஒரு டார்ச் வெளிச்சம் மட்டும்.)

கரண்ட் போகல, லைட்ட நான்தான் அணைச்சேன். கையில இருக்கறது ஒரு வேலைச் சட்டை. காலையில 6 மணிக்குப் போட்டது, மதியம் 2 மணிக்கு மேல கழட்டினது. டார்ச்சுக்கு முன்னாடி இத ஒரே ஒரு தடவ உதறுறேன், பாருங்க.

பறக்குதா? இதுல பெருசா இருக்கறது கொஞ்ச நேரத்துல தரையில உக்காந்துடும். சரி, போகட்டும்னு விட முடியாது. ஏன்னா நம்ம வீட்டுக் குழந்தையும் அதே தரையிலதான் உக்காந்திருக்கு.

(லைட் போடுதல்.)

வணக்கம். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, வல்லூர்னு இந்த ரயில் பாதையை ஒட்டி குடியிருக்கற, கைக்குழந்தையோ தவழுற குழந்தையோ இருக்கற வீடுகளுக்குத்தான் இந்த வீடியோ. திருவள்ளூர் மாவட்டத்துல இந்தப் பக்கம் என்னென்ன இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வல்லூர் அனல்மின் நிலையத்துல 500 மெகாவாட் யூனிட் மூணு. பக்கத்துலயே வட சென்னை அனல்மின் நிலையம். நம்ம நாட்டு நிலக்கரி 100 கிலோ எரிச்சா சுமாரா 30லேருந்து 40 கிலோ சாம்பலா மிஞ்சும். அந்தச் சாம்பல்ல ஈயம், ஆர்சனிக் மாதிரி சமாச்சாரங்கள் சிறு அளவுல இருக்கும். செப்பாக்கத்துக்காரங்களக் கேட்டா, ஆடிக் காத்துல சாம்பல் குட்டை எப்படி எழும்பும்னு கதையா சொல்லுவாங்க. இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு உருக்கற ஃபர்னஸ், பழைய பேட்டரிய உடைச்சு ஈயம் எடுக்கற ஆலை.

புகைபோக்கியப் பத்தி ஊரே பேசுது. பேசணும், விடவே கூடாது. ஆனா புகைபோக்கி நம்ம பாய்க்கு வந்து படுக்காது. சட்டை வரும். நான் பேசப் போறது அந்தச் சட்டையப் பத்தி.

அந்தச் சட்டையில வர்ற ஈயத்துக்கே முதல்ல ஒரு பேர்க் குழப்பம். தமிழ்ல ஈயம்னா ரெண்டு. ஒண்ணு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அது. இன்னொண்ணு காரீயம். கார் பேட்டரி, ஆட்டோ பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாத்துக்குள்ளயும் கனமா இருக்கறது அதுதான். நம்ம பாட்டி ரசம் வைக்கிற ஈயச்சொம்பு சுத்தமான வெள்ளீயமா இருந்தா பிரச்சினை இல்ல. காரீயம் கலந்திருந்தா, புளி ஊத்திக் கொதிக்க வைக்கும்போது அது ரசத்துக்குள்ள இறங்கிடும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால வீட்ல சின்னக் குழந்தை இருக்கற வரைக்கும் அந்தச் சொம்பு பரண்ல இருக்கட்டும். பாட்டி கோச்சுப்பாங்க, சமாளிங்க. இனிமே நான் ஈயம்னு சொன்னா அது காரீயம்தான்.

காரீயம் உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்? உடம்பு அத கால்சியம்னு நினைச்சு ஏமாந்துடுது. வளர்ற குழந்தைக்கு எலும்புக்கும் மூளைக்கும் கால்சியம் வேணும், அதனால கதவத் திறந்து வெச்சிருக்கும். அந்தக் கதவு வழியா ஈயம் உள்ள வந்துடும். பெரியவங்க வயித்துக்குள்ள போற ஈயத்துல உடம்பு எடுத்துக்கிற பங்கைவிட, குழந்தை நாலஞ்சு மடங்கு அதிகமா எடுத்துக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இரும்புச்சத்து குறைஞ்ச குழந்தைன்னா இன்னும் அதிகம். இதுக்கு மேல, அதுங்க கை எப்பவும் வாயிலதான். ஆறு மாசத்துலேருந்து மூணு வயசு வரைக்கும் தரையைத் தொட்ட கை வாய்க்குப் போகாம ஒரு மணி நேரம் இருந்தா அன்னைக்குக் காய்ச்சலான்னு நாம நெத்தியத் தொட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு இருந்தா பரவாயில்லைன்னு கேக்காதீங்க. இந்த அளவு பாதுகாப்பானதுன்னு எதையும் மருத்துவ உலகம் ஒத்துக்கல. ரத்தத்துல ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்துட்டாலே எங்கேருந்து வருதுன்னு தேடி நிறுத்தணும்னு 2021ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. நம்ம சென்னையிலயே 3 வயசுலேருந்து 7 வயசு வரைக்கும் உள்ள 756 பள்ளிக் குழந்தைகளோட ரத்தத்தப் பார்த்து ஒரு ஆய்வு 2009ல வெளியாச்சு. சராசரியே 11.4. ஈயம் கூடக் கூட, கவனம் நிக்காதது, பதற்றம், மத்தக் குழந்தைங்களோட ஒட்டாம இருக்கறது எல்லாம் கூடினதா டீச்சர்கள் நடத்தைக்குப் போட்ட மதிப்பெண்ல தெரிஞ்சுது. பெட்ரோல்ல ஈயம் கலக்கறத 2000லயே நம்ம நாட்ல நிறுத்தியாச்சு. அதுக்கப்புறம் எடுத்த கணக்குதான் இது. உலக அளவுல மூணு குழந்தையில ஒண்ணுக்கு, சுமார் 80 கோடிக் குழந்தைங்களுக்கு, 5-ஓ அதுக்கு மேலயோ இருக்கலாம்னு யுனிசெஃப் 2020ல சொல்லுச்சு.

வெளிய பார்த்தா குழந்தைகிட்ட பெருசா ஒண்ணும் தெரியாது. சாப்பிட மாட்டேங்குது, மலச்சிக்கல், அப்பப்ப வயித்து வலி, எரிச்சல், சோகை. இதெல்லாம் எந்தக் குழந்தைக்கு இல்ல? "நீ ஒழுங்கா ஊட்டல, அதான் பிள்ளை இப்படி இருக்கு"ன்னு பழி அம்மா தலையில விழும். நானும் அந்தப் பழியைச் சுமந்தவதான்.

எங்க வீட்ல நடந்தத சொல்றேன். எங்க வீட்டுக்காரர் அப்போ ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் லேபர். பேர் வேணாம். வண்டிச் சத்தம் கேட்டா போதும், பையன் வாசலுக்கு ஓடுவான். அவர் இறங்கவே மாட்டார். அப்படியே பையனத் தூக்கி பெட்ரோல் டேங்க் மேல உக்கார வெச்சு தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு. அவன் ரெண்டு கையாலயும் ஹேண்டில் பாரைப் பிடிச்சுக்குவான், குனிஞ்சு அத நக்குவான். பார்த்துச் சிரிப்போம், போட்டோகூட இருக்கு. எட்டு மணி நேரம் ஆலை ஷெட்ல நின்ன வண்டி அது. ரவுண்டு முடிஞ்சா டிஃபன் பை. ஆலைத் தரையில வெச்ச பைய நேரா கொண்டுவந்து அடுப்பு மேடையில வைப்பார். உள்ள கேன்டீன்ல குடுத்த பிஸ்கட் ரெண்டு, பையனுக்குன்னு சாப்பிடாம எடுத்துட்டு வந்தது. அதே சட்டையோட அவன நெஞ்சுல போட்டுத் தூங்க வைப்பார். பாசத்துல ஒரு குறையும் இல்ல. தூசியும் அந்தப் பாசத்துலயே ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

இதுக்கு அப்பாவையும் திட்டாதீங்க. ஒரு விஷயத்தோட வரிசையை மட்டும் மாத்தச் சொல்லுங்க. குளியல் முதல்ல, குழந்தை அப்புறம். பத்து நிமிஷம் பையன் கத்துவான், கத்தட்டும். செருப்பு, ஷூ வாசப்படிக்கு வெளியவே. பை அடுப்படிக்குப் போகக் கூடாது, வெளிய ஒரு ஆணி அடிச்சு மாட்டுங்க. டேங்க் மேல ரவுண்டு போகணுமா, ஞாயித்துக்கிழமை வண்டிய நல்லா கழுவிட்டுப் போங்க. ஹெல்மெட் வாரையும் சேர்த்துக் கழுவுங்க.

சட்டை விஷயத்துல நிறைய பேர் தப்பு பண்றது உதறுறதுல. நான் ஆரம்பத்துல செஞ்சேனே, அத வீட்டுக்குள்ள செய்யவே கூடாது. கழட்டின உடனே தண்ணி இருக்கற வாளியில நேரா முக்கிடணும். அந்த வாளி அதுக்கு மட்டும்தான், குழந்தைய குளிப்பாட்டுற வாளி கிடையாது. மத்தத் துணியோட, முக்கியமா குழந்தை துணியோட, சேர்த்துத் துவைக்கக் கூடாது. துவைச்ச தண்ணி சாக்கடைக்கு. கீரைப் பாத்திக்கும் முருங்கை மரத்துக்கும் திருப்பி விடாதீங்க.

வயித்துல பிள்ளையோட இருக்கற பொண்ணு அந்தச் சட்டையத் தொட வேணாம். உடம்புக்குள்ள போன ஈயம் எலும்புல போய் வருஷக்கணக்கா தங்கும், கர்ப்ப காலத்துல எலும்புலேருந்து கால்சியம் இறங்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கி நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போகும். அந்தப் பத்து மாசம் அவர் சட்டைய அவரே துவைக்கட்டும். அதுக்கப்புறமும் துவைச்சா யாரும் தடுக்கப் போறதில்ல. ஆஸ்பத்திரியில குடுக்கற கால்சியம் மாத்திரைய அலமாரியில சேர்த்து வைக்காம சாப்பிடுங்க.

வீடு பெருக்கறதுல ஒரே ஒரு மாத்தம். காஞ்ச துடைப்பத்தால பெருக்கினா தூசி எழும்பித் திரும்ப உக்காரும், அவ்வளவுதான். ஈரத்துணியால துடைங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி குழந்தை கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க. சானிட்டைசர் கிருமியக் கொல்லும், ஈயத்தை எடுக்காது.

சாப்பாடு விஷயம். வெறும் வயித்துல இருக்கற குழந்தை ஈயத்தை அதிகமா இழுத்துக்கும், அதனால பசிக்க விடாதீங்க. கேழ்வரகுக் கூழ், முட்டை, கீரை, தயிர், ஒரு துண்டு நெல்லிக்காய், அங்கன்வாடியில தர்ற சத்துமாவு. புதுசா எதுவும் வாங்க வேணாம். ஆறு மாசத்துலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் வாரம் ரெண்டு தடவை 1 மில்லி குடுக்கச் சொல்லி அரசாங்கம் ஒரு இரும்புச்சத்து சிரப் தருது. கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க. வாங்கி வெச்சுட்டு "மலம் கறுப்பாப் போகுது"ன்னு பயந்து நிறுத்தினவங்க நிறைய பேர். இரும்பு குடுத்தா கறுப்பாத்தான் போகும். மண்ணு திங்கற குழந்தைய அடிக்காதீங்க, இரும்புச்சத்து குறைஞ்சாலும் மண்ணு மேல ஆசை வரும். அந்த மண்ணுலயே ஈயம் இருந்தா ரெண்டு பக்கமும் அடி. டாக்டர்கிட்ட காட்டுங்க.

வீட்ல யாராவது பேட்டரி, ஈயம் உருக்கற வேலை, பழைய பெயின்ட் சுரண்டுற வேலை பார்த்தா, டாக்டர்கிட்ட போனதும் முதல் வார்த்தையா அதச் சொல்லுங்க. அவங்களா கேக்க மாட்டாங்க. "ரத்தத்துல ஈயம் பார்க்கணுமா சார்?"னு நீங்க கேளுங்க. வேலைக்குப் போறவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்கன்னா அந்த கார்டுல குழந்தை பேரும் ஏறியிருக்கான்னு பாருங்க. ஈயத்தை வெளியேத்தற மருந்து குழந்தைக்கு 45 மைக்ரோகிராம் மாதிரி அளவு வந்தாத்தான், அதுவும் ஆஸ்பத்திரியில வெச்சுத்தான். அதுக்குக் கீழ இருந்தா, எங்கேருந்து வருதோ அத நிறுத்தறதுதான் வைத்தியம். "ரத்தத்தைச் சுத்தம் பண்றோம்"னு யாராவது பொடி விக்க வந்தா கதவ சாத்துங்க. சில பொடியிலயும் பஸ்பத்துலயும் ஈயமே இருந்து பிடிபட்டிருக்கு. வாந்தியோட வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழுந்திருக்காம கிடந்தாலோ 108, யோசிக்கவே யோசிக்காதீங்க.

இவ்வளவும் சொல்லிட்டேன். ஆனா இதெல்லாம் நம்ம வேலைன்னு நான் ஒத்துக்கல, இது கம்பெனியோட வேலை. 1948ல வந்த தொழிற்சாலைச் சட்டத்துலயே 42வது பிரிவு கை கால் கழுவ வசதி பத்தி, 43வது பிரிவு மாத்துத்துணி வைக்க, ஈரத்துணி காய வைக்க இடம் பத்தி இருந்துச்சு. ஈய நஞ்சு வந்தா அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல முதல் பேரே அதுதான். அமெரிக்காவுல தொழிலாளி சட்டை வழியா வீட்டுக்குப் போற விஷத்துக்குன்னே 1992ல தனியா ஒரு சட்டம் போட்டாங்க. எங்க வீட்டுக்காரர் இருந்த இடத்துல குளியலறை இருந்துச்சு. பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு லாக்கர் கிடையாது, குளியலறைச் சாவி சூப்பர்வைசர் இடுப்புல. ஒடிசாவுலேருந்து, பீகார்லேருந்து வந்து பத்துக்குப் பத்து ரூம்ல குழந்தையோட இருக்கறவங்க எங்க போய்க் குளிச்சுட்டு வீட்டுக்குள்ள நுழைவாங்க?

அதனால சங்கம் இருக்கறவங்க சங்கத்துல, இல்லாதவங்க நாலு பேரா சேர்ந்து எழுதிக் குடுத்துக் கேளுங்க: கான்ட்ராக்ட் ஆளுக்கும் குளியலறை, ஆளுக்கு ரெண்டு செட் யூனிஃபார்ம், துவைக்கறது கம்பெனிக்குள்ளயே. சம்பள உயர்வு கேக்கற அதே காகிதத்துல இதையும் எழுதுங்க.

இந்த வீடியோவ பி ஷிஃப்ட்ல இருக்கறவருக்கு இப்பவே அனுப்பிடுங்க. ராத்திரி 10 மணிக்கு வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அவர் பார்க்கணும்.