எஃகுச் சக்கரமும் கலவைச் சக்கரமும்

மோட்டார் காரின் எடை முழுவதையும் தாங்கி, எஞ்சின் தரும் இயக்கத்தையும் பிரேக்கின் பிடிப்பையும் தரைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு நான்கு சக்கரங்களைச் சார்ந்தது. காரோடு வந்த எஃகுச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அலாய் என வழங்கும் அலுமினியக் கலவைச் சக்கரங்களைப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. தோற்றப் பொலிவு இதற்கு ஒரு காரணம். எடை குறையும், எரிபொருள் மிஞ்சும் என்னும் நம்பிக்கை மற்றொன்று. இந்நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பதையும், மாற்றும்போது கவனிக்கவேண்டியவை எவை என்பதையும் இங்கு ஆராய்வோம்.

ஆக்கும் முறை

எஃகுச் சக்கரம் இரு பகுதிகளாலானது. தகட்டை வளைத்துப் பற்றவைத்து உருட்டிய வளையம் ஒன்று. அழுத்தப்பொறியில் உருவாக்கிய வட்டு மற்றொன்று. இரண்டையும் பற்றவைத்து ஒன்றாக்குகின்றனர். கலவைச் சக்கரமோ பெரும்பாலும் ஒரே வார்ப்பு. அலுமினியத்தோடு ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் சேர்த்து உருக்கி, குறைந்த அழுத்தத்தில் அச்சினுள் செலுத்துகின்றனர். வார்த்த சக்கரத்தைச் சுமார் 540 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருந்து, நீரில் தோய்த்து, பின் 150 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சில மணி நேரம் பக்குவப்படுத்துகின்றனர். உலோகத்துக்கு உரம் தருவது இப்பக்குவமே. 1924-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் புகாட்டி நிறுவனம் தனது 35-ஆம் வகைப் பந்தயக் காரில் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களைப் பொருத்தியது இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்றாகும்.

எடைக் கணக்கு

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை சுமார் 7.85 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம். ஆகவே கலவைச் சக்கரம் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் எஃகின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எனவே அதைத் தடித்த கனத்தில் வார்க்க நேர்கிறது. இதனால் எடைக் குறைவு எதிர்பார்த்த அளவுக்கு அமைவதில்லை. அளவிற் பெரிய கலவைச் சக்கரம் பழைய எஃகுச் சக்கரத்தைவிடக் கனமாக இருப்பதும் உண்டு. வாங்குமுன் தராசில் வைத்துப் பார்ப்பதே நேரிய வழி.

எடுத்துக்காட்டாக, 1,000 கிலோகிராம் எடையுள்ள காரில் சக்கரத்துக்கு ஒன்றரை கிலோ வீதம் 6 கிலோ குறைந்ததெனக் கொள்வோம். சக்கரம் முன்னேறுவதோடு சுழலவும் செய்வதால், விளிம்பில் உள்ள எடை வேகமெடுக்கும்போது இருமடங்காகக் கணக்கிடப்படும். அவ்வாறு கொண்டாலும் 12 கிலோ, அதாவது 1.2 சதவீதமே பயன். சீரான வேகத்தில் செல்கையில் அதுவும் இல்லையென்றே கூறலாம். எரிபொருள் சேமிப்புக்காக மட்டும் மாற்றுவது தகாது. எனினும் வில்லுக்குக் கீழுள்ள எடை குறைவதால், மேடுபள்ளங்களில் டயர் தரையை விட்டு எழாமல் தொடர்ந்து செல்வது எளிதாகிறது.

விளிம்பு எடையின் விளைவை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். சாய்ந்த பலகையின் மேல் ஓர் இரும்பு வளையத்தையும் ஒரு மரவட்டையும் ஒரே நேரத்தில் உருளவிட்டால், எடையும் விட்டமும் எவையாயினும், வட்டே முதலில் அடியை அடையும்.

பொருத்தம் பார்த்தல்

முதலில் பார்க்கவேண்டியது போல்ட்டுத் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம். நான்கு துளைகளாயின் எதிரெதிர்த் துளை மையங்களின் தொலைவே அவ்விட்டம். ஐந்தாயின், அடுத்தடுத்த இரு மையங்களின் தொலைவை 0.588 ஆல் வகுக்கவேண்டும். 98 மில்லிமீட்டரும் 100 மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். வலிந்து பூட்டினால் நட்டு தன் குழியில் ஒருபுறமாகவே அமர்ந்து, ஓட்டத்தில் தளரும்.

இரண்டாவது, நடுத்துளை ஹப் எனப்படும் குடத்தின் மேல் இடைவெளியின்றி அமர்வது. மூன்றாவது, ஆஃப்செட் என்னும் அளவு. சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும், குடத்தோடு ஒட்டும் முகத்துக்கும் உள்ள தொலைவு இது; மாறினால் டயர் மட்கார்டில் உரசலாம், பேரிங்கின் சுமையும் மாறும். நான்காவது, நட்டின் அடிவடிவம். கூம்புக் குழிக்குக் கூம்பு நட்டும், உருண்டைக் குழிக்கு உருண்டை நட்டுமே பொருந்தும். சுமை வரம்பும் தரமுத்திரையும் சக்கரத்தில் பொறித்துள்ளனவா என்பதையும் காண்க.

டயரும் பள்ளமும்

சக்கரத்தின் விட்டத்தைக் கூட்டினால் டயரின் உயரத்தைக் குறைக்க வேண்டும். 165/80 ஆர் 14 டயரின் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், 185/65 ஆர் 15 டயருக்கு 621.5. வேறுபாடு சிறிதாகையால் வேகமானி ஏறத்தாழச் சரியாகவே காட்டும். ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 120 ஆகக் குறைகிறது. பள்ளத்தில் மோதும்போது காப்பாக நிற்கும் காற்றுமெத்தை அவ்வளவு மெலிகிறது.

கடும் மோதலில் எஃகு விளிம்பு வளையும். பெரும்பாலும் அதைத் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்புக் கலவை அவ்வளவு வளையாமல் விரிசல் விடக்கூடும். இதனாலேயே ஐ.எஸ்.ஓ. 7141 என்னும் பன்னாட்டுத் தரநிலை, டயர் பூட்டிய சக்கரத்தை 13 பாகை சாய்த்து, அதன் விளிம்பில் எடையை விழச்செய்து சோதிக்கும் முறையை வகுத்துள்ளது. விரிசல் கண்ட சக்கரத்தைப் பற்றவைத்து ஓட்டுதல் ஆபத்தானது. பற்றவைக்கும் வெப்பம் முன்சொன்ன பக்குவத்தை அவ்விடத்தில் கெடுத்துவிடும்.

சீரற்ற கிராமப் பாதைகளில் நாள்தோறும் செல்லும் களப்பணியாளர்களுக்கு, உயர்ந்த டயருடன் கூடிய எஃகுச் சக்கரமே ஏற்றது. நல்ல சாலைகளில் செல்வோர் பொருத்தம் பார்த்துக் கலவைச் சக்கரம் பூட்டலாம். பூட்டுமுன் குடத்தின் முகத்திலுள்ள துருவை நீக்குக. நட்டுகளை எதிரெதிர் வரிசையில், கையேட்டில் குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்கி, சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சரிபார்க்கவேண்டும். மாற்றுச் சக்கரம் எஃகாகவே இருப்பின், அதற்குரிய பழைய நட்டுகளைக் கருவிப் பையில் வைத்திருப்பது இன்றியமையாதது.