பெரிய பாரில் காணாமற்போன சிப்பிகள்

1902 மார்ச். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழ இன்னும் சில வாரங்கள். மன்னார் வளைகுடாவின் பெரிய பார் என்னும் சிப்பித்திட்டில் 11 கடல் மைல் நீளத்துக்கு முத்துச்சிப்பிக் குஞ்சுகள் அப்பிக் கிடந்தன. 1891-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காமல் தவித்த இலங்கை அரசு, காரணம் தேட இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்திருந்தது. அவரும் உதவியாளர் ஹோர்னெலும் நடத்திய ஆய்வில், அங்கே கோடிக்கணக்கில் சிப்பிகள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். நவம்பரில் மறுபடி பார்த்தபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

காரணம் தரையின் அமைப்பில் இருந்தது. பெரிய பார் ஒரு சரிவின் விளிம்பு. அதைத் தாண்டினால் சில மைல்களுக்குள் 10 பாக ஆழம் 100 பாகத்துக்கும் மேலாகிவிடும். கச்சான் காலத்து நீரோட்டம் அடிமணலைக் கிளறிக் குஞ்சுகளை அடித்துப்போகிறது, அல்லது புதைத்துவிடுகிறது. சிப்பி பற்றியிருக்கும் கல் பிறந்த விதமும் வியப்பானது: சுண்ணாம்புப் பாசிகளும் பாசிவிலங்குகளும் மணலை ஒட்டவைத்து அதே இடத்தில் கட்டிய பாறை அது. இப்படிப்பட்ட கடலடியில் பாறைக்கு ஒரு வரைபடம், உயிருக்கு ஒரு வரைபடம் என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாக நிற்கும் உச்சமுனைக்கும் இது பொருந்தும். களப்பில் கடற்புல், வெளியே முருகைக்கற்கள். அந்தக் கடலில் 1992-இல் சரணாலயமான பார் ரீஃபின் மேல்மட்ட முருகைகள் 1998-இல் கடல் சூடேறி வெளுத்து மடிந்தன. மெல்லத் தேறியவை 2016-இல் மீண்டும் அடிபட்டன. 1997-இல் வரைந்த படத்தை வைத்து 1999-இல் திட்டம் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

இன்று கப்பலின் அடியிலிருந்து விசிறிபோல் ஒலியை அனுப்பி ஆழத்தை அளக்கிறார்கள். பாறை ஒலியைப் பலமாகத் திருப்பும், சேறு விழுங்கிவிடும். ஆனால் அந்தப் பாறையில் உயிர் இருக்கிறதா என்று அறிய கேமராவோ ஆளோ கீழே போயாக வேண்டும். ஒலி அளவீடு பழைய நிலத்தையும் காட்டும்: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இந்தக் கரையோரத்தின் ஆழங்குறைந்த அடித்தளம் அப்போது நடந்து கடக்கும் நிலம். பழைய கரைமேடுகள் ஒலி அளவீட்டில்தான் துலங்கும்.

ஆகவே காற்றாலைக்கும் நங்கூரத்துக்கும் கடலில் கோடு போடுமுன், கச்சானுக்கு முன்பும் பின்பும் அதே இடத்தை அளக்க வேண்டும். முக்குளிக்கும் மீனவர்களையும் படகில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தென்கரையில் கொடவாய அருகே 2,000 ஆண்டுப் பழமையான கப்பலின் சிதைவை 30 மீட்டருக்கும் கீழே முதலில் கண்டவர்கள் அப்படி முக்குளிக்கும் மீனவர்களே.