மேடை விளக்குகளை வாடகைக்கு விடும் உறுப்பினர்களுக்கு

நமது சங்க உறுப்பினர்களில் மளிகைக் கடையுடன் பாத்திரம், நாற்காலி, ஒலிபெருக்கி ஆகியவற்றையும் வாடகைக்கு விடுவோர் பலர் உண்டு. இப்போது கல்யாண வீட்டார் அவர்களிடம் கேட்பது நிறம் மாறும் எல்இடி பார் லைட். வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அதை எரியவிடத் தெரிகிறது. பன்னிரண்டையும் ஒரே இடத்திலிருந்து இயக்கச் சொன்னால்தான் தடுமாற்றம்.

சென்ற ஆண்டு ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் நமது உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை அவர் சம்மதத்துடன் எழுதுகிறேன். கன்சோலில் இரண்டாம் பொத்தானை அழுத்தி முதல் தள்ளியை நகர்த்தினார். இரண்டாம் விளக்கு அசையவில்லை. மூன்றாம் விளக்கில் பச்சை கூடிக் குறைந்தது. மணமக்கள் மேடையேறியபோது பாதி விளக்குகள் துடிக்க ஆரம்பித்தன. பேசிய வாடகையில் பாதிதான் கைக்கு வந்தது. விளக்கில் பழுது ஏதும் இல்லை என்பதுதான் வேதனை.

இவ்விளக்குகள் டிஎம்எக்ஸ் 512 என்ற முறையில் இயங்குகின்றன. 1986இல் அமெரிக்க நாடக அரங்கத் தொழில்நுட்பத்தார் வகுத்த முறை இது. ஒரே கேபிளில் 512 எண்களுக்கான கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். எந்த எண்ணிலிருந்து தனக்குரியது என்பதை விளக்கின் பின்புறம் நாம் வைக்கும் அட்ரஸ் நம்பர்தான் அதற்குச் சொல்கிறது. பேரேட்டில் ஒருவர் கணக்கு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று குறித்து வைப்பது போலத்தான்.

நமது உறுப்பினரின் விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஏழு எண்கள் தேவை: வெளிச்ச அளவு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக. ஆகவே கையேட்டில் கண்டபடி 1, 8, 15, 22 என்று வைத்தார். கணக்கு சரி. ஆனால் அவர் வாங்கியது சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 192 கன்சோல். அதில் பன்னிரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் 16 எண்கள் என்று முன்பே பிரித்துவிட்டார்கள். இரண்டாம் பொத்தான் 17இல்தான் தொடங்கும். 17 என்பது அவருடைய மூன்றாம் விளக்கின் பச்சை! இந்தக் கன்சோலுக்கு 1, 17, 33, 49 என்று பதினாறு பதினாறாகக் கூட்டி, பன்னிரண்டாம் விளக்குக்கு 177 வைக்க வேண்டும். நடுவில் எண்கள் வீணாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு விளக்குகள் எப்போதும் ஒன்றுபோலவே எரிந்தால் போதும் என்றால் இரண்டுக்கும் ஒரே எண்ணை வைக்கலாம்.

விளக்குகள் துடித்ததற்குக் காரணம் வேறு. கையிலிருந்த மைக் கேபிளையே மாட்டியிருந்தார். பிளக் பொருந்துகிறது, குறைந்த தூரத்துக்கு வேலையும் செய்கிறது. அதனால்தான் கடையில் சோதித்தபோது தெரியவில்லை. நீளம் கூடியதும் கட்டளை குழம்புகிறது. டிஎம்எக்ஸ் கேபிளையே வாங்குங்கள். ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராகவே போகவேண்டும். நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. கடைசி விளக்கின் அவுட் துளையில், 2, 3ஆம் ஊசிகளுக்கிடையே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த பிளக்கைச் செருக வேண்டும். சில ரூபாய்ச் செலவுதான். ஒரு தொடரில் 32 விளக்குகளுக்கு மேல் போனால் ஸ்பிளிட்டர் தேவைப்படும்.

கன்சோல் இல்லாமலும் நடத்தலாம். முதல் விளக்கை மாஸ்டராகவும் மற்றவற்றை ஸ்லேவாகவும் வைத்தால் முதல் விளக்கைப் பார்த்து மற்றவை ஆடும். எல்லாம் ஒரே மாடலாக இருப்பது நல்லது. இரண்டு மாஸ்டர்கள் கூடாது. கன்சோல் மாட்டியபின் ஒரு மாஸ்டரும் கூடாது. ஒரு கடைக்கு இரண்டு முதலாளி கட்டளையிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சார விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். பழைய பார் 64 விளக்கு 1000 வாட். பன்னிரண்டுக்கு 230 வோல்ட்டில் 52 ஆம்பியர் ஆகும். 150 வாட் எல்இடி விளக்கு பன்னிரண்டுக்குச் சுமார் 8 ஆம்பியர்தான். குறைவுதானே என்று மண்டபத்தின் சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் முழுவதையும் தொடராக மாட்டிவிடுகிறார்கள். அத்தனை கரண்டும் முதல் வயர் வழியாகத்தான் போகிறது. இரண்டு தொடராகப் பிரியுங்கள். அல்லது 16 ஆம்பியர் சாக்கெட்டில், அதற்கேற்ற வயருடன் மாட்டுங்கள். எர்த் இல்லாத பிளக் வேண்டாம். உயரத்தில் தொங்கும் விளக்குக்குக் கொக்கி தவிர ஒரு பாதுகாப்புக் கம்பியும் அவசியம்.

நமது உறுப்பினர் இப்போது ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் அட்ரஸ் நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறார். அதே எண்கள் வாடகைச் சீட்டின் பின்புறமும் உள்ளன. பொருள் திரும்பி வரும்போது பையன் இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் பெட்டியில் வைக்கிறான்.